லேண்ட்லைனில் இரைச்சல்: கருவியை மாற்றுவதா, கம்பியை மாற்றுவதா, இணைப்பையே மாற்றுவதா?

வீட்டுத் தொலைபேசியில் குரல் கரகரக்கத் தொடங்கியதும் நம்மில் பலர் புதிய கருவி ஒன்றை வாங்கிவிடுகிறோம். அதிலும் கரகரப்பு தொடர்ந்தால் நிறுவனத்தில் புகார் கொடுக்கிறோம். வந்தவர் பார்த்துவிட்டுப் போன பிறகும் நிலைமை மாறாவிட்டால், செம்புக் கம்பி இணைப்பே வேண்டாம், இணையவழித் தொலைபேசிக்கு மாறிவிடலாம் என்று யோசிக்கிறோம். இந்த வழிகள் ஒவ்வொன்றும் சில வீடுகளில் சரியான தீர்வுதான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. ஒவ்வொன்றும் தொலைபேசிப் பாதையின் வெவ்வேறு இடத்தில் உள்ள பழுதைத் தீர்க்கிறது. ஆகவே எது மலிவு, எது நவீனம் என்று ஒப்பிடுவதற்கு முன், இரைச்சல் எந்த இடத்தில் பிறக்கிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும்.

என் அம்மா தனியாக இருக்கும் வீட்டில் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். காது சற்று மந்தமான அவருக்குக் கைப்பேசியைவிட லேண்ட்லைன் ரிசீவர்தான் வசதி. மழை பெய்த மறுநாள் அழைத்தால், காய்ந்த சருகின் மேல் யாரோ நடப்பது போன்ற சத்தத்துக்குள் அவர் குரல் அமிழ்ந்துவிடும். ஓராண்டுக்குள் இரண்டு கருவிகளை மாற்றினோம், பலனில்லை. கடைசியில், கம்பி வீட்டுக்குள் நுழையும் ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில், யாரோ எப்போதோ இரண்டு கம்பிகளைக் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்தேன். டேப்பின் பசை இளகிக் கறுத்திருந்தது. பிரித்தால் உள்ளே செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு. விரல் பட்டதும் ஒரு கம்பி தனியே கையோடு வந்துவிட்டது.

பழுதின் இடத்தை அறியும் சோதனைக்கு ஒரு சாதாரண ஒயர் போன் போதும். வெளியிலிருந்து வரும் கம்பி வீட்டுக் கம்பியோடு சேரும் பெட்டி ஒன்று பெரும்பாலான வீடுகளில் சுவரில் பொருத்தப்பட்டிருக்கும். அதுதான் எல்லைக்கோடு: அதற்கு அப்பால் உள்ளது நிறுவனத்தின் பொறுப்பு, இப்பால் உள்ளது வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதே பரவலான நடைமுறை. பல பெட்டிகளில் மூடியைத் திறந்தால் சோதனைக்கென்றே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் போனைச் செருகியதும் வீட்டுக்குள் ஓடும் கம்பிகள் அனைத்தும் துண்டிக்கப்பட்டு, வெளிக்கம்பி மட்டும் போனோடு இணையும். அப்படிப்பட்ட சாக்கெட் இல்லாத பழைய வீடுகளில், மற்ற எல்லாக் கருவிகளையும் மோடத்தையும் கழற்றிவிட்டு, பெட்டிக்கு மிக அருகில் உள்ள முதல் சாக்கெட்டில் ஒரே ஒரு போனை மட்டும் செருகிப் பார்க்கலாம். ரிசீவரை எடுத்ததும் கேட்கும் டயல் டோன் மெல்லிய இரைச்சலை மறைத்துவிடும் என்பதால், ஏதேனும் ஓர் எண்ணை ஒருமுறை அழுத்துங்கள். டோன் நின்று சில விநாடிகள் அமைதி நிலவும். அந்த அமைதியில் கேட்பதுதான் உங்கள் லைனின் உண்மையான நிலை. அங்கே சத்தமே இல்லாமல் வீட்டுக்குள் மட்டும் இரைந்தால் பழுது உள்ளே. அங்கேயும் இரைந்தால் பழுது வெளியே. கொண்டுபோன போனே கெட்டதாக இருந்துவிடக்கூடாது என்பதற்காக, முடிந்தால் இரண்டாவது போனைக் கொண்டும் இதையே செய்து பார்ப்பது நல்லது.

இதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லோரோடும் பேசும்போது இரைகிறதா, குறிப்பிட்ட ஒருவரோடு பேசும்போது மட்டுமா? ஒருவரோடு மட்டும் என்றால் பழுது பெரும்பாலும் அவர் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் எதை மாற்றினாலும் பயனில்லை. அடுத்து, இரைச்சல் உங்கள் காதுக்குக் கேட்கிறதா, எதிர்முனையில் இருப்பவருக்கா? உங்களுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டு, அவர் மட்டும் "குரல் விட்டுவிட்டு வருகிறது" என்றால், ரிசீவரின் மைக்கையோ சுருள் ஒயரையோ சந்தேகிக்க வேண்டும்.

சத்தத்தின் தன்மையும் வழிகாட்டும். கரகரப்பும் படபடப்பும் தளர்ந்த அல்லது களிம்பேறிய இணைப்பின் அடையாளம். ஈரம் கூடினால் கூடும், வெயில் காய்ந்தால் குறையும். விடாமல் ஒலிக்கும் தாழ்ந்த உறுமல் மின்சாரக் கம்பியிலிருந்து வருவது. வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 அல்லது 60 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அதன் மடங்குகளே தொலைபேசியில் உறுமலாகக் கேட்கின்றன. தொலைபேசியின் இரு கம்பிகளும் ஒன்றையொன்று முறுக்கியபடி ஓடுவது இதைத் தடுக்கத்தான்; இந்த ஏற்பாட்டுக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை பெற்றார். இரண்டிலும் சமமாக ஏறும் மின்காந்தத் தொந்தரவு ஒன்றையொன்று ஈடுகட்டி மறைந்துவிடும். ஆனால் ஒரு கம்பி மட்டும் ஈரச்சுவரைத் தொட்டாலோ, ஒரு கம்பியின் இணைப்பு மட்டும் பலவீனமானாலோ அந்தச் சமநிலை குலைந்து உறுமல் எழும். சீறல் போன்ற ஓசை, அதே கம்பியில் இணையமும் வரும் வீடுகளில், பெரும்பாலும் குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஃபில்டர் சார்ந்தது. குரல் துண்டுதுண்டாக உடைந்து இயந்திரக் குரல் போல ஒலித்தால் அது செம்புக் கம்பியின் குறையே அல்ல. அழைப்பு எங்கோ இணையத்தின் வழியாகச் செல்கிறது, அல்லது யாரோ கைப்பேசியில் சிக்னல் குறைந்த இடத்திலிருந்து பேசுகிறார்.

இனி வழிகளை எடுத்துக்கொள்வோம். கருவியை மாற்றுவதற்கு முன் அதன் இரண்டு ஒயர்களை மாற்றிப் பார்ப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. ரிசீவரையும் உடலையும் இணைக்கும் சுருள் ஒயர் ஆயிரம் முறை இழுபட்டு, முறுக்கேறி, பிளக்குக்கு அருகில் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒயரைப் பிளக் அருகில் பிடித்து மெல்ல வளைத்தால், கரகரப்பு கூடிக் குறைவதைக் காதே சொல்லிவிடும். சுவருக்குச் செல்லும் தட்டை ஒயரின் பிளக்கைக் கழற்றி, அதன் சிறிய பொன்னிறத் தொடுமுனைகளில் கறுப்போ பச்சையோ படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தட்டை ஒயருக்குள் கம்பிகள் முறுக்கப்படாமல் இணையாக ஓடுகின்றன. ஆகவே அது நீளமாக இருந்தால், குறிப்பாக மின்சார ஒயரோடு ஒட்டிக் கிடந்தால், உறுமலை இழுத்துக்கொள்ளும். குட்டையான ஒன்றை மாட்டினாலே சில வீடுகளில் தொந்தரவு தீர்ந்துவிடுகிறது. சுழல் டயல் வைத்த பழைய கருவிகளில் மைக்குக்குள் கரித்துகள்கள் இருக்கும். அவை காலப்போக்கில் இறுகிக் குரலை மந்தமாக்கும். ரிசீவரை உள்ளங்கையில் லேசாகத் தட்டினால் குரல் திரும்பினால், பழுது அந்தத் துகள்களில்தான்.

ஒயரோடு கூடிய கருவியா, கார்ட்லெஸ்ஸா என்பது பலரும் கேட்கும் ஒப்பீடு. ஒலித்தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒயர் போனுக்கே என் வாக்கு, ஏனெனில் அங்கே குரலுக்கும் லைனுக்கும் இடையில் வேறெதுவும் குறுக்கிடுவதில்லை. கார்ட்லெஸ்ஸில் குரல் ஒருமுறை வானொலி அலையாக மாறி மீள வேண்டும். அதிலும் எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்பது முக்கியம்: 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மாதிரிகள் வைஃபையோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் மோதும். டெக்ட் (DECT) எனப்படும் கார்ட்லெஸ் வகை, பல நாடுகளில் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையும் வட அமெரிக்காவில் 1920 முதல் 1930 வரையும் உள்ள தனி இடத்தில் இயங்குவதால், அந்தத் தொல்லை இல்லை. கார்ட்லெஸ் வைத்திருப்பவர்கள் புதியது வாங்குமுன், பேஸை ரவுட்டரிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் தள்ளி உயரமான இடத்தில் வைத்தும், பழைய பேட்டரியை மாற்றியும், அதனுடன் வந்த அடாப்டரைத்தான் பயன்படுத்துகிறோமா என்று சரிபார்த்தும் பார்க்கலாம். வேறு கருவியின் அடாப்டரைச் செருகியதால் எழுந்த உறுமலுக்கு லைன்மேனை வரவழைத்த வீடுகள் உண்டு.

அதே கம்பியில் டிஎஸ்எல் இணையம் வருகிற வீடுகளில் இன்னொரு தேர்வு இருக்கிறது. மனிதக் குரலுக்குத் தொலைபேசி ஒதுக்குவது ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. டிஎஸ்எல்லின் ஒரு வகையான ஏடிஎஸ்எல் இணையம் சுமார் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஓடுகிறது. இரண்டையும் பிரிப்பதுதான் ஃபில்டரின் வேலை. மோடத்தின் மின்சாரத்தை நிறுத்தியதும் சீறல் நின்றுவிட்டால் குற்றவாளி தெரிந்துவிட்டது. ஒவ்வொரு போனுக்கும் ஒரு சிறிய ஃபில்டர் மாட்டுவது எளிது; ஆனால் ஒரு கருவியை மறந்துவிட்டாலும் அது வீடு முழுவதையும் கெடுக்கும், மறக்கப்படுவது பெரும்பாலும் ஃபேக்ஸோ, அலாரம் பெட்டியோ, மூலையில் கிடக்கும் ஆன்சரிங் மெஷினோதான். பெட்டிக்கு அருகிலேயே, வீடு முழுவதற்கும் சேர்த்துக் குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஒரே ஒரு ஸ்பிளிட்டரைப் பொருத்தி, மோடத்துக்குத் தனிக் கம்பியும் போன்களுக்கு மறு கம்பியும் கொடுப்பது வேலை கூடுதல் என்றாலும் நிலையான தீர்வு. மூன்று போனுக்கு மேல் உள்ள வீட்டில் நான் ஸ்பிளிட்டரையே தேர்வேன்.

பழுது வீட்டுக்குள் ஓடும் கம்பியில் என்று உறுதியானால், பழுதான இடத்தைத் தேடிச் சரிசெய்வதா, பழைய கம்பியைக் கைவிட்டுப் புதிதாக ஒன்று இழுப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். பழைய வீடுகளில் ஒரு சாக்கெட்டிலிருந்து அடுத்த சாக்கெட்டுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று கம்பி சங்கிலியாகச் செல்கிறது. நடுவில் ஒரு சாக்கெட்டில் திருகாணி தளர்ந்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் கரகரக்கும். ஒவ்வொரு சாக்கெட்டாகக் கழற்றிச் சோதித்தால் எந்தக் கண்ணியில் பழுது என்று தெரிந்துவிடும், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். அத்தோடு, ஒரு இணைப்பு களிம்பேறிய வீட்டில் மற்ற இணைப்புகளும் அதே வயதினவை என்பதை மறக்கக்கூடாது. அதனால் போன் வைக்கும் இடம் ஒன்றோ இரண்டோ மட்டுமே என்றால், பெட்டியிலிருந்து அந்த இடத்துக்கு நேராக ஒரு முறுக்குக் கம்பியை இழுத்து, மற்றவற்றைப் பெட்டியிலேயே துண்டித்துவிடுவதையே பரிந்துரைப்பேன். கணினிக்குப் பயன்படும் லேன் கேபிளே இதற்குப் போதும். அதன் நான்கு ஜோடிகளில் ஒன்று போனுக்கு, மற்றவை உபரி. ஒரே ஜோடியின் இரு கம்பிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு ஜோடியில் ஒன்று, இன்னொரு ஜோடியில் ஒன்று என்று எடுத்தால் முறுக்கின் பயனே போய்விடும். மின்சார ஒயரோடு இணையாகக் கொண்டுபோகாமல், குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கச் செய்யுங்கள். இணைப்பு போட்டே ஆக வேண்டுமென்றால், களிம்பு பிடித்த பகுதியை இரண்டு விரற்கடை தாண்டி, செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டிவிட்டு, ஜெல் நிரப்பிய கனெக்டரில் அழுத்துங்கள். அந்த ஜெல் ஈரத்தை உள்ளே விடாது. வேலை தொடங்குமுன் பெட்டியில் லைனைக் கழற்றிவிட வேண்டும். சும்மா இருக்கும் லைனில் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது. மணி அடிக்கும் நேரத்தில் 90 வோல்ட் வரை மாறுமின்சாரம் ஏறி, ஈரக்கையை நன்றாகவே உலுக்கிவிடும். இடி மின்னல் வேளையில் இந்தப் பக்கமே போகக்கூடாது.

குரல் கரகரக்காமல் வெறுமனே தாழ்ந்து ஒலித்தால், வேறொரு அறையில் இன்னொரு ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லைனில் வரும் மின்னோட்டம் இரண்டுக்கும் பங்காகிவிடுவதால் இரண்டுமே மெலிந்து ஒலிக்கும். பின்னணியில் வானொலி நிலையம் ஒன்று மெலிதாகப் பாடினால், ஒயரைச் சுற்றி, வானொலி அலைகளைத் தடுக்கும் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டிப் பார்க்கலாம்.

எல்லைப் பெட்டியிலேயே இரைச்சல் கேட்டது என்றால் வீட்டில் எதையும் வாங்க வேண்டாம். நிறுவனத்திடம் புகார் கொடுப்பதே ஒரே நேர்மையான வழி. ஆனால் புகாரை எப்படிச் சொல்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. "போன் சரியாகக் கேட்கவில்லை" என்றால் வருபவர் கருவியைப் பார்த்துவிட்டுப் போவார். "எல்லைப் பெட்டியில் இரண்டு போன்களை வைத்துச் சோதித்தேன், டயல் டோன் நின்ற பிறகும் கரகரப்பு இருந்தது, மழைக்குப் பின் இரண்டு நாள் அதிகமாக இருக்கிறது" என்று தேதியோடு சொன்னால், அவர் கம்பத்தில் உள்ள இணைப்பையும் கேபிள் ஜோடியையும் பார்க்க வேண்டியிருக்கும். களிம்பேறிய இணைப்புக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: மணி அடிக்கும்போது ஏறும் உயர் மின்னழுத்தம் களிம்பின் மெல்லிய படலத்தை ஊடுருவி, சிறிது நேரத்துக்கு லைனைத் தெளிவாக்கிவிடும். அதனால் வெளியிலிருந்து அழைப்பு வந்தபின் சோதிப்பவருக்குப் பழுது அகப்படாமல் போகலாம்; மணி அடிக்காமல் சில மணி நேரம் கழிந்தபின் சோதிக்கச் சொல்லுங்கள். காய்ந்த வெயில் நாளில் வந்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனால் மனம் தளர வேண்டாம். அடுத்த மழையில் மீண்டும் புகார் செய்து, முந்தைய புகார் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேபிளில் நல்ல உபரி ஜோடி இருந்தால் அதற்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். முழுக் கேபிளையும் மாற்றுவதைவிட அது அவர்களுக்கும் எளிது.

இரண்டு மூன்று முறை சரிசெய்தும் ஒவ்வொரு மழைக்கும் திரும்பி வருகிற பழுது, வெளிக்கேபிள் ஆயுள் முடிந்ததைக் காட்டுகிறது. இங்கேதான் ஃபைபர் வழியாகவோ இணையம் வழியாகவோ பேசும் தொலைபேசிக்கு மாறுவது நியாயமான தேர்வாகிறது. அதில் கண்ணாடி இழைக்கு ஈரக் களிம்பும் இல்லை, மின் உறுமலும் இல்லை. ஆனாலும் "ஃபைபர் என்றாலே குரல் மேம்படும்" என்பது முழு உண்மையல்ல. இணையத் தொலைபேசியில் மிகப் பரவலான குரல்முறை, அதாவது குரலை எண்களாக மாற்றும் முறை, 1972-ல் வரையறுக்கப்பட்ட ஜி.711, அது விநாடிக்கு 8000 முறை குரலை அளந்து 64 கிலோபிட்டாக அனுப்புகிறது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகளும் இதையேதான் செய்துவருகின்றன. ஆகவே நல்ல நிலையில் உள்ள செம்பு லைனுக்கும் இதற்கும் காதுக்குத் தெரியும் வேறுபாடு குறைவு. உண்மையான முன்னேற்றம் ஜி.722 போன்ற அகன்ற குரல்முறையில்தான். அது 7000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோவதால், பழைய லைனில் ஒன்றுபோல் ஒலிக்கும் "ஸ", "ஃப" ஆகியவை பிரிந்து கேட்கும். காது மந்தமானவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பேசும் இருவரின் கருவியும் நடுவில் உள்ள வலையும் அதை ஏற்றால்தான் அது நடக்கும். ஒருவர் பழைய கருவியில் இருந்தால் உரையாடல் பழைய தரத்துக்கே இறங்கிவிடும்.

மாறினால் இரைச்சலின் இடத்தில் வேறு குறைகள் வரலாம். ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 90 கிலோபிட் தேவை; அது சிறிய அளவுதான், ஆனால் அதே நேரத்தில் வீட்டில் யாரேனும் பெரிய கோப்பை மேலேற்றிக்கொண்டிருந்தால் குரல் நறுக்கப்பட்டது போல் ஒலிக்கும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் இது தீரும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தும் சங்கடம் வளரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு மின்வெட்டில் தெரியும். செம்பு லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. வீடு இருட்டில் மூழ்கினாலும் ஒயர் போன் பேசும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் வீட்டு மின்சாரத்தை நம்பியவை. அவற்றுக்குப் பேட்டரி இல்லாவிட்டால் அவசர நேரத்தில் போன் ஊமையாகிவிடும். அலாரம், ஃபேக்ஸ், முதியவர்கள் கழுத்தில் அணியும் அவசரப் பொத்தான் போன்றவை அந்த லைனில் இணைந்திருந்தால், அவை புதிய இணைப்பில் வேலை செய்யுமா என்று எழுத்தில் உறுதி பெற்ற பிறகே செம்பு லைனைத் துண்டிக்கச் சொல்ல வேண்டும். துண்டித்ததைத் திரும்பப் பெறுவது பல இடங்களில் இயலாது.

அம்மாவின் வீட்டில் நாங்கள் ஃபைபருக்கு மாறவில்லை. ஜன்னலோரத்து முறுக்கை வெட்டியெறிந்து, பெட்டியிலிருந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவர்வரை ஒரே கம்பியாக இழுத்தோம். முதலில் கழற்றி ஒதுக்கிய பழைய கருவியே, ஒரு புதிய சுருள் ஒயரோடு, மீண்டும் மேசைக்கு வந்தது. அடுத்த மழைநாளில் அழைத்தபோது, அவர் பேச்சுக்குப் பின்னால் கூரையில் விழும் மழையின் ஓசை தனியாகக் கேட்டது.